நாணலுக்குள்ளிருந்து வந்த குரல்

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் மபூட்டோவில் இருக்கும் நர்ஸ் இவோனியைக் கேட்டுப் பாருங்கள். ரெண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகான என் கயாக்கின் முன்சீட்டில் இருந்தது அவர்தான்.

மொசாம்பிக்கில் ஷிடெங்கெலே பக்கம் எங்கள் ஏரி. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். பயணிகளைக் கயாக்கில் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. என் தங்கை புருஷன் அபீலியோவுக்கும் அதே பிழைப்புதான். என்னைத் தேடி வருகிறவர்களை வழியிலேயே மடக்கிவிடுவான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று பல மாதம் ஆகியிருந்தது.

அன்று காலை காற்றே இல்லை. நாணல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

"மச்சான்! துடுப்பு போடுறியா, கஞ்சி கிண்டுறியா?"

அபீலியோவின் குரல். நாணலுக்குள்ளிருந்து. இவோனி சிரித்துவிட்டார்.

"யாருங்க அது?"

"எங்க வீட்டுச் சனியன். கண்டுக்காதீங்க."

"அம்மா, அந்தாளை நம்பிப் போகாதீங்க. நீச்சலே தெரியாது!"

இந்தத் தடவை குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். படகு இல்லை. தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை...

அடுத்து இடப்பக்கம். உடனே வலப்பக்கம். கிண்டல் போய்விட்டது.

"இறங்குடா. மூழ்கித் தொலை."

இவோனி இப்போது சிரிக்கவில்லை. "அதெப்படிங்க இவ்வளவு சீக்கிரம் இடம் மாறுறாரு?"

டொக்.

கயாக்கின் அடியில். யாரோ விரல் முட்டியால் தட்டியதுபோல.

டொக்... டொக்...

"இறங்குடா."

குரல் என் காலுக்குக் கீழே.

துடுப்பை வலித்தேன். வரவில்லை. கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

வெடுக்கென்று இழுத்தேன். விட்டது. வந்த ஆத்திரத்தில் ஓங்கித் தண்ணீரில் அடித்தேன்.

எதிலோ பட்டது...

"ஐயோ!"

அபீலியோவின் அலறல். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ரத்தம் இல்லை. ஆளும் இல்லை.

எப்படிக் கரை சேர்ந்தோம் என்று தெரியாது. கரையில் என் தங்கை செலெஸ்தினா, கையில் போனோடு நின்றாள். பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏண்ணே அவரு மண்டையை உடைச்ச? பாவி!"

அபீலியோ அன்று எங்கள் ஏரிக்கே வரவில்லை. வெகுதூரத்தில் உள்ள வேறொரு ஏரிக்கு நாலு பயணிகளோடு போயிருந்தான். அங்கேயும் நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் அவனைத் திட்டியதாம். அது என் குரலாம்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒரு கண் போய்விட்டது. நான்தான் அடித்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறான்.

கூடப் போன நாலு பேரும் சொன்னது வேறு. ஒரு துடுப்பு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்து அவனை அடித்ததாம்...

அதைப் பிடித்திருக்க ஒரு கைகூட இல்லையாம்.