கிளாக்கர் வீட்டுக் கூரை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கட்டின வீட்டைக் கண்டி மழையில் முப்பது வருஷம் வைத்துப் பார் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். வந்து அழகமுத்துவை ஒரு தடவை பார்த்திருந்தால் கட்டாயம் சேர்த்திருப்பார்கள்.

அழகமுத்து மாநகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் எடுத்துப் பத்து வருஷமான பிறகும் ஊருக்கு அவர் கிளாக்கரையாதான். உடவத்தகெல காட்டுக்குக் கீழே, சரிவில், அவருக்கு ஓர் ஓட்டு வீடு. அறுபத்தோராம் ஆண்டு வாங்கியபோது அதை வீடு என்று சொன்னால் மனச்சாட்சி உள்ளவன் சிரிப்பான். அதை அவர் ஒரு பிள்ளையை வளர்க்கிற மாதிரி வளர்த்தெடுத்தார். பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு. மாசி வெயிலில் கதவு, யன்னல்களைக் கழற்றி எண்ணெய் தேய்த்துக் காயவைப்பார். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு கூரையில் ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, கூரையோரப் பீலியில் கிடக்கும் இலையை அள்ளிவிட்டால் வைகாசி மழைக்கு வீடு தயார். பெரஹரா ஊர்வலம் பார்க்க நாவலப்பிட்டியிலிருந்து சொந்தக்காரர் பட்டாளமாக வந்து இறங்குவார்கள் என்பதால் அதற்கு முதல் வாரம் கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மறுபடியும் கூரை. இதையெல்லாம் அலுமாரிக் கதவின் உட்பக்கம் கந்தோரில் கோப்பு எழுதுகிற எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். தெருவில் யாருடைய வீடாவது ஒழுகினால், "கிளாக்கரையா வீட்டப் பாத்துட்டு வா" என்று பெண்டாட்டிமார் புருஷன்மாரை அனுப்புவார்கள். அந்தப் புருஷன்மார் அவரை மனதுக்குள் எப்படித் திட்டினார்கள் என்பது வேறு கதை.

கூரையில் அவருக்கு ஜென்ம எதிரி உண்டு. காட்டிலிருந்து வரும் குரங்குக் கூட்டம். முகட்டிலிருந்து தொப்பென்று குதித்து ஓட்டை நகர்த்திவிட்டு, கீழே நிற்கும் அழகமுத்துவைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போகும். சபையில் முப்பத்து மூன்று வருஷ சேவையில் எந்த மேலதிகாரியும் தன்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை என்பார்.

கூரை வேலைக்கு அவர்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. அவர் மேலே; அவர் மனைவி சுந்தரி உள்ளே. முன்கூடத்தைத் தவிர வேறெங்கும் சீலிங் இல்லாத வீடு. கீழே நின்று நிமிர்ந்தால் கைமரமும் ஓடும் அப்படியே தெரியும். சுந்தரி ஒட்டடைக் கம்பால் ஓட்டின் அடியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஓர் ஓடு கீழே வா. இரண்டு தட்டு என்றால் மேலே போ. மூன்று என்றால் அதே ஓடுதான், நில். நான்கு தட்டினால் தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டது என்று அர்த்தம். இருவருக்கும் சண்டை வந்து இரண்டு நாள் முகம் பார்க்காத சமயத்திலும் கூரை வேலை நின்றதில்லை. அன்று நான்காவது தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக விழும்.

வேலை முடிந்து இறங்கினால் அழகமுத்து பக்கத்து வீட்டு ஜவாஹிரிடம் போய், "கண்ண மூடிக்கிட்டு கேளுங்க, எந்த ஓடு எங்க இருக்குன்னு சொல்லுவேன்" என்று மார்தட்டுவார். ஜவாஹிர் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர் மார்தட்டினால் கேட்டுக்கொள்ளப் பழகியவர்.

இப்படியே போயிருந்தால் நல்லதுதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், மழைக்கு முந்தின கிழமை, அழகமுத்து ஏணியிலிருந்து விழுந்தார். கூரையிலிருந்து விழுந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருந்திருக்கும். விழுந்தது மூன்றாம் படியிலிருந்து. விழுந்தவர் அவர், கை முறிந்தது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுந்தரிக்கு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு சுந்தரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அழகமுத்து சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் ஏணியில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தார்.

கொழும்பிலிருந்து மகன் இராமநாதன் ஓடி வந்தான். வெள்ளவத்தையில் மாடி வீடு, இன்ஷூரன்ஸ் கம்பனியில் உத்தியோகம். வந்தவன் தாயின் கையைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான், பிறகு நேரே தகப்பனிடம் வந்தான்.

"அப்பா, இந்த வீட்ட ஒங்களால இனிப் பாத்துக்க ஏலாது. அடுத்த வைகாசி மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விழுந்தாலும் வித்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துரணும். ஆடி மாசம் நானே வந்து பாப்பேன்."

அழகமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏணியில் கால் வைக்கமாட்டேன் என்று இன்னொரு வாக்கும் கொடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அன்று அவர் சாப்பிடவில்லை. இந்த வீட்டை விட்டுவிட்டு வெள்ளவத்தை மாடியில், யாரோ கட்டி யாரோ பூசிய சுவருக்குள், ஒரு ஆணி அடிக்கக்கூட மகனைக் கேட்டுக்கொண்டு இருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சித்திரை முடிந்ததும் வத்தேகமையிலிருந்து ஓட்டு வேலை செய்யும் டிக்கிரி பாஸைக் கூப்பிட்டார். நல்ல வேலைக்காரன், சிங்களவன், கூரையில் நடப்பது தரையில் நடப்பது போல இருக்கும். அவன் மேலே ஏறினான். சுந்தரிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் மணிக்கட்டு சற்றுக் கோணலாகக் கூடி, பாரம் தூக்க விடாது. அதனால் ஒட்டடைக் கம்பை அழகமுத்து எடுத்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் உள்ளே நின்றார்.

அடுப்பிருந்த குசினிக்கு நடுவில் நின்று, நிமிர்ந்து, மூன்று தட்டுத் தட்டினார். மேலேயிருந்து கரியும் பல்லி எச்சமும் பழைய தூசியுமாக ஒரு கை அள்ளி அவர் கண்ணிலேயே விழுந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது டிக்கிரி பாஸ் இறங்கி வந்து வாசலில் நின்றான். யாரோ தட்டினீர்களே, தேத்தண்ணிக்கா என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. எந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சொல்லிக்கொடுத்து மறுபடி ஏற்றினார். ஆனால் அடுத்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லா ஓடும் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றவருக்குக் கண்ணைத் திறந்துகொண்டும் சொல்ல முடியவில்லை.

கதவோரம் நின்ற சுந்தரி, "அந்த வெள்ளப் புள்ளிக்கு நேரா ரெண்டு ஓடு மேல" என்றாள்.

எந்தப் புள்ளி என்று அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கைமரம் முழுக்கப் புள்ளிகள். கோலத்துக்கு வைத்த மாதிரி, வெற்றிலைச் சுண்ணாம்பால் விரல்நுனியில் தொட்டு வைத்த புள்ளிகள். சில வெள்ளை வெளேரென்று புதிது, சில பழுத்து மஞ்சளாகிப் போனவை. பழையவற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. குசினியில் மட்டுமல்ல, சாமான் அறை, படுக்கையறை எல்லாவற்றிலும்.

சுந்தரி அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஓட்டை இராது. எங்கோ நுழைந்து கைமரத்தோடு ஓடி வந்து எங்கோ சொட்டும். மழை பெய்கிறபோதே முக்காலியில் ஏறி, மரம் முதலில் நனைகிற இடத்தைப் பார்த்துப் புள்ளி வைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஓடு மாற்றியதும் கோடு. அவ்வளவுதான் என்றாள். அவர் கந்தோரில் இருந்த பகல்களிலெல்லாம் மழை பெய்துகொண்டுதானே இருந்தது.

"கண்ணுல தூசி விழுமே" என்றார் அழகமுத்து.

"முந்தானைய தலையில போட்டுக்குவேன். அப்படியும் விழத்தான் செய்யும். ஊதிவிட யாரு இருந்தா? நீங்கதான் கூரைமேல இருந்தீங்களே."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்று பின்னேரம் ஜவாஹிரிடம் போய், இத்தனை வருஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டது சுந்தரிதான், தான் அவள் தட்டின இடத்தில் ஓடு மாற்றின கூலிக்காரன் என்று ஒப்புக்கொண்டார். அதைத் தன் மனைவி ருக்கியா எப்போதோ சொல்லிவிட்டாள் என்றார் ஜவாஹிர். ஊரில் அழகமுத்து ஒருவருக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது போல.

புள்ளி பார்த்து டிக்கிரி பாஸ் வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தான். வைகாசி மழை வந்தது, ஆனி மழை வந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆடி பிறந்து இராமநாதன் வருகிற நாளும் வந்தது. அன்று விடியக்காலையில் குரங்குகளும் வந்தன. பின்பக்கக் கூரையில் தடதடவென்று ஒரு கல்யாண வீடு நடத்திவிட்டுப் போயின. எங்கோ ஓடு நகர்ந்த சத்தம் அழகமுத்துவுக்கு நன்றாகக் கேட்டது. டிக்கிரி பாஸ் கடுகண்ணாவையில் வேறு வேலையில் இருந்தான். அழகமுத்து கொல்லைக்குப் போய் ஏணியை நிமிர்த்தினார். முதற்படியில் கால் வைக்கப் போகும்போது சுந்தரி பக்கத்தில் வந்து நின்றாள். கோணலாய்க் கூடிய அந்த வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் ஏணியைப் படுக்கப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

இராமநாதன் மத்தியானம் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தான். பையிலிருந்து நீலக்கோடு போட்ட துவாயை எடுத்துத் தலையைத் துவட்டித் தோளில் போட்டுக்கொண்டான். மழை அப்படிப் பிடித்துக்கொண்டது. மூவரும் முன்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அழகமுத்துவுக்குச் சோற்றில் கை, பின்பக்கத்தில் காது. டொக் என்று ஒரு சத்தம் கேட்டால் வீடு போயிற்று. சுந்தரி பரிமாறிக்கொண்டே பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து மகன் கை கழுவப் பின்பக்கம் போனான். கை கழுவ அவ்வளவு நேரம் ஏன் என்று அழகமுத்து பின்பக்கக் கதவையே எட்டி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவன் கதிரையில் உட்கார்ந்து, தாயின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கூர நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"அத ஒங்கம்மாகிட்ட சொல்லு. கூர அவளோடது" என்றார் அழகமுத்து.

"அப்ப சரி. நீங்க இங்கயே இருங்க. ஆனா டிக்கிரி பாஸ் மாசம் ஒருக்கா வரணும், நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்."

நாலு மணி ரயிலுக்கு அவன் புறப்பட்டான். துவாயை எடுத்துக்கொண்டாயா என்று தாய் கேட்டதற்கு, கிடக்கட்டும், வீட்டில் வேறு இருக்கிறது என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினான்.

அவன் தலை மறைந்ததும் அழகமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பார்த்தாயா, ஒரு சொட்டு விழவில்லை என்றார். சுந்தரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். விழாமல் என்ன? சாமான் அறையில் மழை பிடித்ததிலிருந்தே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பேசினை வைத்து, சத்தம் கேட்காமல் இருக்க அவருடைய பழைய வேட்டி ஒன்றை மடித்து அதற்குள் போட்டிருந்தாளாம். பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டோமே என்று ஒரு பக்கம் உறுத்தலாகவும் இருந்தது அவளுக்கு. வேட்டியைப் பிழிந்து போடலாம் என்று இருவரும் உள்ளே போனார்கள்.

வேட்டி பேசினுக்குள் இல்லை. இறுக்கப் பிழிந்து, உதறி, குசினிக் கொடியில் விரித்துப் போடப்பட்டிருந்தது. பேசினிலிருந்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, அதற்குள் நாலாய் மடித்து வைத்திருந்தது நீலக்கோடு போட்ட துவாய். அதன்மேல் சொட்டுகள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன.

சுந்தரி குனிந்து துவாயின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மழை விடுவதற்குள் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி, வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்தாள். அழகமுத்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் ஏறினாள். அவர் குந்தியிருந்து முக்காலியின் கால்களை இரண்டு கையாலும் இறுக்கப் பிடித்துக்கொண்டார். ஈர மரத்தைத் தடவித் தடவிப் பார்த்து அவள் ஒரு புள்ளி வைத்தாள். தூசி விழுந்தது.

இறங்கினதும், நில் என்று சொல்லி, அவள் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து ஊதிவிட்டார்.