குளிரில் இருந்த மூன்று பேருக்குச் சாதகம்

என் மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடித் தட்டில் கருவாக்கி வயிற்றில் வைத்தார்கள். முதல் முறை வைத்த இரண்டும் நிற்கவில்லை. அடுத்த முறை பேரன் வந்தான். இப்போது நான்கு வயது. மிச்சம் மூன்று கரு அங்கேயே உறைகுளிரில் கிடந்தன. இன்னொரு பிள்ளையை மகளின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம் மகளின் போனுக்கு ஒரு படிவம் வந்தது. மூன்றையும் அழித்துவிடவா, ஆராய்ச்சிக்குத் தருகிறீர்களா? ஒரு வாரத்தில் பதில் வேண்டுமாம். மருமகன் “உம்மட விருப்பம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாரம் வரும்போது ஆம்பிளைகளுக்கு நல்ல பெருந்தன்மை. மகள் மூன்று நாளாகச் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து மருமகனின் தாய் திரீவீலரில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பூசிய மூன்று கொப்பிகள். ஆஸ்பத்திரித் துண்டில் கருவாக்கிய நேரம் இருந்ததாம். அதைக் கொடுத்து மூன்றுக்கும் சாதகம் எழுதுவித்திருக்கிறார்!

“மூணும் ராஜ ஜாதகம், சம்பந்தி. எம்பத்திரண்டு வயசு ஆயுசு. இதுகளை சோதனைக்குக் குடுத்தா கொலைதானே?”

“ஐஸுக்குள்ள இருந்துகொண்டே எண்பத்திரண்டோ?”

“பகடி பண்ணாதீங்க. உயிருன்னா உயிருதான்.”

“சரி. பேரனும் அதே நேரத்தில உண்டானவன்தானே? அவன்ர சாதகத்தை ஏன் பிறந்த நேரத்துக்கு எழுதுவிச்சனீங்கள்? அது பிழையெண்டால் கிழிச்சுப் போடுவமே?”

சம்பந்தி கொப்பிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேரனின் யோகத்தைக் கொட்டாஞ்சேனை முழுக்கப் பறைசாற்றியவர் அல்லவா.

நான் விடவில்லை. “முதல் ரெண்டும் போகேக்க துடக்கு, தீட்டெண்டு ஏதும் காத்தனீங்களோ? அடுத்த நாளே கோயிலுக்குத் தேர் பாக்கப் போனனீங்கள். இவள் அழ, ‘ஒரு துளிதானே’ எண்டதும் நீங்கள்தான்.”

“நீங்களும் ஓம் எண்டனீங்கள், அம்மா” என்றாள் மகள்.

நான் தேத்தண்ணி வைக்க எழும்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். மகள் போனை எல்லோருக்கும் கேட்க வைத்துவிட்டுக் கேட்டாள்: “கருவில எடுக்கிற மாதிரி, எந்த உறுப்பாயும் வளரக்கூடிய செல்லை இப்ப தோலில இருந்தே செய்யினமாமே. பிறகேன் கரு?”

“செய்றாங்க மேடம். அது சரியா வந்திருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் கருவுல எடுத்த செல்லும் தேவைப்படுது. ஆனா செல் எடுத்தா கரு இருக்காது. அதை நான் மறைக்கக் கூடாது. வேணாம்னு சொன்னாலும் தப்பில்ல.”

அந்த வாரம் எங்கள் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சம்பந்தி போனுக்குக் கிட்டக் குனிந்தார். “ஏம்மா, அதுல என் சக்கரை வியாதிக்கு மருந்து வருமா?”

“முயற்சி பண்றாங்க. வரும்னு உறுதி சொல்ல முடியாது.”

“வந்தா நல்லதுதானே” என்றார். கொலை எந்தக் கதவால் வெளியே போனதோ தெரியாது.

மகள் போனை வைத்தாள். “குடுக்கிறன் மாமி. குப்பைக்குப் போறதிலும் பார்க்க ஆருக்காவது உதவட்டும். ஆனா இனி ஒருத்தரும் அதுகளைத் துளி எண்டும் சொல்ல வேண்டாம், ராஜா எண்டும் சொல்ல வேண்டாம்.” போனிலேயே விரலால் கையெழுத்து வைத்தாள்.

காலையில் வாங்கிய மீன் கழுவிச் சட்டியில் இருந்தது. அதை எடுத்துத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் பருப்பும் கீரையும் ஆக்கினேன். ஒருவரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது.

சம்பந்தி சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். “புதன்கிழமைதானே, மீன் இல்லையா?”

“இண்டைக்கு இல்லை.”

விரதம் இல்லாத நாளில் செத்த வீட்டில்தான் மீன் ஆக்குவதில்லை. அது அவருக்கும் தெரியும். கொப்பிகளைப் பைக்குள் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.