தொட்டியில் இறங்கிய மேனேஜர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் நான் நர்ஸ். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். வேலூரில் நர்ஸிங் படித்துவிட்டு நாற்றத்தில் போய் விழுந்தேனே என்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். எனக்கு வாய் ஜாஸ்தி, எந்த வார்டும் என்னைத் தாங்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே பாதுகாப்பு வாரம் வரும். மேனேஜர் அலமாரியைத் திறந்து ஹெல்மெட்டுகளை வெளியே எடுப்பார். வாரம் முடிந்ததும் தூசி தட்டி உள்ளே வைத்துப் பூட்டுவார். நடுவில் சட்டையில் பேட்ஜ், கையை நீட்டி உறுதிமொழி, ஆளுக்கொரு ஆற்காட்டு மக்கன் பேடா. பேடா நன்றாகவே இருக்கும், அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஒரு வருடம் அந்த வாரத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னார் மேனேஜர். சுண்ணாம்பும் மயிரும் சவ்வும் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும் ஆழத் தொட்டி. அடியில் விஷவாயு தங்கும். முந்தைய வருடம் பக்கத்து ஷாப்பில் இப்படி இறங்கிய இரண்டு பேரைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். இங்கே இறங்க வேண்டியவர் எங்கள் மேஸ்திரி, மூன்று பெண்களுக்கு அப்பா.

ஷாப் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூடியைத் திறந்துவிட்டுச் சுற்றி நின்று மோந்து பார்ப்பார்கள். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நாற்றம் நின்றால் இறங்குவார்கள். அந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும், நாற்றம் நின்றால்தான் ஆபத்து என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

"இப்ப ஒண்ணும் வரல. எறங்குறேன் சிஸ்டர்" என்று ஏணியில் காலை வைத்தார் மேஸ்திரி.

நான் கயிற்றோடு ஓடினேன். "கயிறு கட்டாம எறங்காதீங்க மேஸ்திரி. முறைப்படி பாத்தா இத பம்ப் வெச்சுத்தான் எடுக்கணும்."

மேனேஜர் சிரித்தார். "இன்னா சிஸ்டர், ஆளு இன்னா மாடா, கயிறு கட்டறதுக்கு? காலைலேர்ந்து ஒரே பேஜார் பண்றீங்க. நாத்தமே இல்லியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ நீங்க எறங்கிக் காட்டுங்க சார். கயித்தக் கட்டிக்கிட்டு."

இறங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தனை ஆட்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். மீசை வைத்த மனுஷன் என்ன செய்வார்? வீறாப்பாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சில படி இறங்கினார். "பாத்தீங்களா, ஒண்ணுமே..." என்றார். அதோடு தலை தொங்கிவிட்டது.

மேஸ்திரியும் ஆட்களும் கயிற்றை இழுத்து அவரை வெளியே போட்டார்கள். காற்றோட்டமாகக் கிடத்தி அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தபோது, பாதுகாப்பு பேட்ஜ் என் விரலில் குத்தியது. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது இதுதான்: "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரா?"

மறுநாள் காலை தொட்டிக்கு மேலே ஒரு புதுப் பலகை. "அதிகாரிகள் தொட்டியில் இறங்கக் கூடாது." இன்ஸ்பெக்டர் இன்னும் வராததால் கூடவே, மதியத்துக்குள் தொட்டி வேலையை முடிக்கும்படி மேஸ்திரிக்கு உத்தரவு.

மேஸ்திரி எழுத்துக் கூட்டிப் படித்தார். "எங்கள எழுத மறந்துட்டாங்களா சிஸ்டர்?"

"மறக்கல மேஸ்திரி" என்றேன். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் நேரே உள்ளே போனார். சுண்ணாம்புக் குழியில் ஒரு மட்டையை முக்கி எடுத்துவந்தார். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். பலகையில் முதல் வார்த்தையின் மேல் அழுத்தி இழுத்துப் பூசினார். மிச்சம் இருந்ததை மேனேஜர் வந்து நின்று படித்தார்: "தொட்டியில் இறங்கக் கூடாது."

"போர்டுலயே போட்டுட்டீங்களே சார், எப்படி எறங்குறது?" என்றார் மேஸ்திரி, கையைக் கழுவிக்கொண்டே.

சாயங்காலம் ராணிப்பேட்டையிலிருந்து பம்ப் வந்தது.