விமானம் ஏறாத மரப்பாச்சிகள்

எங்கள் மரப்பாச்சி ஜோடி இப்போது கல்கத்தாவில், எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சௌக்கியமாக நின்றுகொண்டிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாடா என்று இருக்கிறது. அந்த இரண்டு பொம்மைகளால் ஒரு நாள் காலையில் டம்டம் விமான நிலையத்தில் என் மகளும் பேத்தியும் நானும் விமானத்தைக் கோட்டைவிட இருந்தோம்.

மகளுக்குத் துபாயில் வேலை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பாதி நாள் கடலில்தான் இருப்பார். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள், சம்பளமில்லாத விடுப்பையும் நீட்டி நீட்டிக் குழந்தைக்குப் பல் முளைக்கிற வரை இருந்துவிட்டாள். இதற்குமேல் நீட்ட முடியாது, திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று அவள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் எடுத்து நான் ஏறப்போகும் முதல் விமானம் அது.

மரப்பாச்சி ஜோடி என் கல்யாணத்தில் எனக்குச் சீராக வந்தது. கல்கத்தாவில் வெளியே துர்கா பூஜைப் பந்தலில் மேளம் அதிர, உள்ளே நான் கொலு வைத்து, முதலில் படியேற்றுவது இந்த ஆணையும் பெண்ணையும்தான். மகளுக்குக் கல்யாணமானதும் அவளுடையதாகிவிட்டது. அவள் எடுத்துப் போகாமல் இங்கேயே கிடந்தது. இந்த முறை அவளே கேட்டாள். காரணம் பக்தி இல்லை. பேத்தி ஈறு ஊறலுக்கு ஆண் பொம்மையின் தலையைக் கடிக்கப் பழகியிருந்தாள். விலை கூடிய ரப்பர் வளையங்களைத் தூக்கி எறிந்துவிட்டு இதைத்தான் கேட்பாள். செம்மரம் உடம்புக்குக் குளிர்ச்சி, கடிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொம்மைகளை மொட்டையாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கரியாஹாட் போய், நடைபாதைக் கடைகளில் பட்டுத் துண்டும் ஜரிகை நாடாவும் வாங்கி வந்து, பெண்ணுக்குப் புடவையும் ஆணுக்கு வேட்டியும் தைத்தேன். மூக்கு உடைந்துவிடக் கூடாதே என்று ஃப்ளானல் துணியில் சுற்றி, குழந்தையின் டயப்பர்களுக்கு நடுவில் செருகி, பெட்டியின் அடியில் வைத்தேன். ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட இவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் இருக்கிறார். யாரை வழியனுப்பினாலும் வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைகிற வரை பிளாட்ஃபாரத்தை விட்டு அசைய மாட்டார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. விமான நிலையத்திலும் வாசலில் நின்று கையாட்டிக்கொண்டே இருந்தார்.

“இங்க என்ன ஜன்னலா இருக்கு, நாங்க எட்டிப் பார்த்துக் கையாட்ட? வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு ஆபீஸ் கிளம்புங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் தலையை ஆட்டினார்.

பெட்டிகளைக் கொடுத்து, போர்டிங் அட்டை வாங்கி, குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் மகளைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம். உள்ளே ஓர் அறை. எங்கள் பெட்டி மேசைமேல் கிடந்தது. ஸ்கேனிங் திரையில் இரண்டு மனித உருவங்கள், கை ஒட்டி, கால் ஒட்டி, திடமாகத் தெரிந்திருக்கின்றன. கோயில் சிலையைக் கடத்துகிறோம் என்று சந்தேகம்.

டயப்பர்களுக்குள்ளிருந்து பட்டுப்புடவையோடு பொம்மை வெளியே வந்ததும் சுங்கத்துக்காரர் சிரித்துவிட்டார். சிலை இல்லை என்று தெளிந்தது. ஆனால் துணியை விலக்கி மரத்தின் நிறத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்கத்து அறையிலிருந்து வனவிலங்கு, வனப்பொருள் பார்க்கும் பெண் அதிகாரியை அழைத்தார். என் மகள் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுங்கத்துக்காரரிடம் பெங்காலியில், “ஏதோ சாதா மரத்துக்குச் சாயம் பூசினதுபோல இருக்கு. இப்பல்லாம் இப்படித்தான் விற்கிறாங்க” என்றார்.

அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். மகள் பெட்டியை மூடக் கை வைத்துவிட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கல்யாணச் சீரைப் பார்த்துச் சாயம் பூசின மரம் என்பதா?

“சாயமா? அசல் செம்மரம்மா இது! கடையில விற்கிற பொம்மைங்கதான் சாயம். பாருங்க” என்று எனக்குத் தெரிந்த பெங்காலியில் பொரிந்து தள்ளினேன். மகள் என் இடுப்பில் கிள்ளினாள். நான் கண்டுகொள்ளவில்லை. குழந்தையின் பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, அறையில் இருந்த தூணின் சொரசொரப்பான அடிப்பகுதியில் ஆண் பொம்மையின் பாதத்தைத் தேய்த்தேன். சிவப்பாகக் குழம்பு இறங்கியது. விரலில் வழித்து அதிகாரியிடம் நீட்டினேன்.

அவர் என் விரலையே பார்த்தார். “மாஷிமா,” என்றார், பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி, “அனுமதி இல்லாம இந்த மரம் நாட்டை விட்டுப் போகக் கூடாது. பொம்மையா இருந்தாலும்தான். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? செம்மரக் கடத்தலைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் வராத நாளா? ஆந்திரப் பக்கத்து மலைகளில் மட்டும் காடாக வளர்கிற மரம். அதை வெட்ட நம் மலைக்கிராமத்து ஆட்களைக் கூலிக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் ஜெயிலுக்குப் போகிறார்கள், சிலர் திரும்பி வருவதே இல்லை. மரம் மட்டும் கப்பல் ஏறிவிடுகிறது. அதையெல்லாம் படித்து எத்தனை முறை உச்சுக் கொட்டியிருக்கிறேன். அந்தச் செம்மரமும் என் கொலுப்படியில் நிற்கும் செம்மரமும் ஒன்றுதான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. கடத்தல் என்றால் லாரி, இருட்டு, கோடரி. டயப்பர் எங்கிருந்து வரும்?

“தீதி, வீட்டுப் பொம்மை. எங்க வழக்கத்துல அம்மா பொண்ணுக்குக் கொடுக்கிறது. இவ பல்லுக்குக் கடிக்கிறா, அதுக்காகத்தான் எடுத்தேன்” என்று மகள் அவரை அக்கா முறை வைத்து பெங்காலியில் சொன்னாள். அவளுக்குத் தமிழைவிட பெங்காலி நன்றாக வரும். “திங்கக்கிழமை நான் வேலையில இருக்கணும். இந்த ஃபிளைட்டை விட்டா...” குழந்தை மேசையில் கிடந்த பொம்மையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

அதிகாரி பொம்மையின் தலையில் பதிந்திருந்த கடித்தடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இவ்வளவு பெருமையாத் தேய்ச்சுக் காட்டுற கடத்தல்காரியை நான் பார்த்ததே இல்லை” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னது இதுதான். பழைய வீட்டுப் பொருளை வைத்திருப்பது குற்றமில்லை. என்ன மரம் என்று நானே சொல்லிவிட்டதால் மறைத்ததாக எழுத வேண்டியதில்லை. ஆனால் பொம்மை பறக்காது. வீட்டு ஆள் யாராவது உடனே வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டால் நாங்கள் போகலாம். ஆள் இல்லையென்றால் பொம்மையைப் பறிமுதல் செய்ய வேண்டும். பறிமுதல் என்றால் வழக்கு, வழக்கு என்றால் அந்த விமானத்தில் நாங்கள் இல்லை.

வாசலில் வீட்டு ஆள்! நானே அல்லவா விரட்டி அனுப்பினேன். இந்நேரம் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ எங்கே போய்க்கொண்டிருப்பாரோ. அவர் திரும்பி வருவதற்குள் விமானக் கதவை மூடிவிடுவார்கள். மகளின் போனில் கூப்பிட்டேன்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

பின்னால் டாக்ஸிக்காரர்களின் சத்தம்தான் கேட்டது.

“கேக்குறேன்ல, எங்க இருக்கீங்க?”

“கோவிச்சுக்காத,” என்றார் மெதுவாக. “இங்கதான், கேட்டுக்கு எதிர்ல தூண் நிழல்ல நிக்கிறேன். உங்க பிளேன் கிளம்பினதும் போயிடுறேன்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக எந்தப் பழக்கத்துக்காக அவரைத் திட்டினேனோ அதுதான் அங்கே நின்றுகொண்டிருந்தது. “அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகரக் கூடாது” என்றேன். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னேன். வேறு குரல் எனக்கு ஏது?

சுங்கத்துக்காரரே பொம்மைகளை எடுத்துக்கொண்டு என்னோடு வாசல்வரை வந்தார். அவர் எதிரில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடவை கலைந்திருந்த பெண் பொம்மையைத் தன் கைக்குட்டையில் சுற்றி, இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“நேரமாச்சு, ஓடு” என்றார்.

ஓடினேன். கதவு மூடுவதற்குள் ஏறிவிட்டோம். விமானம் எழும்பி வீடுகள் சிறுத்து, ஹூக்ளி ஒரு கோடாகத் தெரிந்தபோதுதான் மகள் வாயைத் திறந்தாள். “இனிமே யாராவது நம்ம பொருளைப் போலின்னு சொன்னா, ஆமான்னு சொல்லிடும்மா” என்றாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இதற்கு முன் எப்போது அப்படிச் சேர்ந்து சிரித்தோம் என்று நினைவில்லை. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

அந்த வருஷ நவராத்திரிக்கு நான் துபாயில் இருந்தேன். நான் இல்லாத வீட்டில் கொலு இருக்காது என்று நினைத்திருந்தேன். முதல் நாள் மாலை அவர் வீடியோவில் கூப்பிட்டார். முக்காலிமேல் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் மரப்பாச்சி ஜோடியை நிறுத்தியிருந்தார். புடவைக் கொசுவம் பின்பக்கம் வந்திருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் சுண்டல். உப்பு போட்டீர்களா என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். பேத்தி தாவி வந்து, திரையில் தெரிந்த ஆண் பொம்மையின் தலையைக் கடிக்கப் பார்த்தாள்.

“பத்திரமா இருக்கு, பாரு” என்றார்.

“பார்த்தேன். நீங்க கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க” என்றேன்.