வெயில் நாளில் அளந்த ஆறு

போன சனிக்கிழமை காலையில் என் கையில் ஒரு மண்ணுருண்டையைக் கொடுத்தார்கள். டென்னிஸ் பந்து அளவு இருக்கும். பிடித்துக்கொள்ள ரப்பர் கையுறை, போட்டுக்கொள்ளப் பச்சை டீ-சட்டை, தலைக்கு ஒரு தொப்பி. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆறு. பெயர் வேண்டாம், அதை ஏற்கெனவே போதுமான அளவு அவமானப்படுத்தியாகிவிட்டது. அதன் கரையில் எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினரான டத்தோ வந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உருண்டையைத் தண்ணீருக்குள் எறிய வேண்டும். உருண்டைக்குள் இருக்கும் நல்ல கிருமிகள் ஆற்றைச் சுத்தம் செய்துவிடுமாம். மழைக்கு மழை லோரி லோரியாக மண் கரைந்து வந்து செத்துக்கொண்டிருக்கிற ஆற்றுக்கு, மருந்தாக இன்னும் கொஞ்சம் மண்! இதைக் கேட்டுச் சிரிக்காமல் நிற்பதற்குப் பயிற்சி வேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி உண்டு, ஆறு வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

டத்தோ வரத் தாமதம். சும்மா நிற்கிறோமே என்று உருண்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். புளித்த தவிட்டு வாசனை, கூடவே கொஞ்சம் வெல்லப்பாகு. முன்பு இதே கரையில் குடியிருந்த ரோஸ்மேரி அக்கா, தன் குளத்துக் கெலி மீனுக்கு, அதாவது கெளுத்திக்கு, கலக்குகிற தீனியின் வாசனை அது. தவிட்டோடு பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியைப் பிசைந்து, ஒரு நீல வாளியில் புளிக்க வைப்பார். அந்த வாளி இருந்த இடத்தில்தான், கணக்குப் பார்த்தால், இப்போது ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

அவரை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. ஜொகூர் பாருவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நீர் மாதிரி எடுக்கும் வேலை. வேலையின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். தமிழில் சொன்னால், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறவன். பாட்டிலை ஆற்றுத் தண்ணீரிலேயே மூன்று முறை அலச வேண்டும், கழுத்துப் பக்கம் காற்று நிற்காமல் நிரப்ப வேண்டும், சீட்டு ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். இதை ரொம்ப பயபக்தியோடு செய்தேன். அலசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எதற்காக அலசுகிறோம் என்று மட்டும் யோசித்ததில்லை.

எங்களுக்கு வந்த பணி என்னவென்றால், அந்தச் சின்ன ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேருகிற நிலப்பரப்பு முழுவதற்கும் ஒரு திட்டம் போடுவது. மேலே செம்பனைத் தோட்டம், அதற்குக் கீழே புதிதாகச் சீர்படுத்திக்கொண்டிருந்த குடியிருப்பு நிலம், கார் பட்டறைகள், ஒரு கோழிப் பண்ணை. இவற்றில் எதற்கும் ஆற்றுக்குள் கழிவு விடுகிற குழாய் கிடையாது. குழாய் இருந்தால் குழாய்க்காரனைப் பிடிக்கலாம். இங்கே உரம், செம்மண், பட்டறை எண்ணெய், கோழி எச்சம் எல்லாவற்றையும் மழைதான் கூட்டிப் பெருக்கி ஆற்றுக்குள் தள்ளுகிறது. ஆகவே அந்த ஆறு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் மழையில்தான் போய்ப் பார்க்க வேண்டும். இது உங்களுக்குப் புரிகிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். எங்கள் அலுவலகத்தில் மட்டும் யாருக்கும் புரியவில்லை.

எங்கள் விதி வேறு. மழை வந்தால் பயணம் ரத்து. எங்கள் பாஸ் பினாங்கில் படித்தவர், சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பார். அவர் இதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தார். "மழைத் தண்ணி கலந்துட்டா அது ஆத்தோட ஒரிஜினல் கண்டிஷன் இல்ல லா. ரீடிங் கெட்டுப் போயிடும்." ஜொகூரில் பாதி நாள் மத்தியானம் மழை. அந்த மழையை விலக்கிவிட்டு மீதி நாட்களில் ஆற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தோம். நோயாளி தூங்கும்போது மட்டும் காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி. வேன் ஓட்டிய ரோஸ்லி பாதி வழியில் வானத்தைப் பார்த்து, "ஹூஜான்! பாலேக்!" என்பார். மழை, திரும்பு. எனக்கும் சந்தோஷம்தான். போகிற வழியில் ரொட்டி சானாய் சாப்பிடுவோம்.

ரோஸ்மேரி அக்கா வீடு ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பாலத்தருகே இருந்தது. தோட்டத்துக் குடும்பம். செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது ஆட்குறைப்புச் செய்தபோது கிடைத்ததை வைத்துக் குளம் வெட்டியவர். புருஷன் இல்லை, ஒரு மகள் படித்துக்கொண்டிருந்தாள். மாதா படத்துக்குக் கீழே ஒரு தராசு தொங்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்க வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வாசலில் நிற்கும். ஆற்றிலிருந்து ஒரு குழாய் போட்டுக் குளத்துக்குத் தண்ணீர் எடுப்பார், மறுபக்கம் மிஞ்சியது ஆற்றுக்கே போகும்.

மூன்று இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்றாவது இடத்தை எங்கே வைப்பது என்று நானும் ரோஸ்லியும்தான் முடிவு செய்தோம். பாலத்தடியில் வேன் நிறுத்த ஒரு ரம்புத்தான் மர நிழல் இருந்தது. முதல் நாளே அக்கா வெளியே வந்து, "ஏந்தம்பி வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க, கோப்பி போடறேன்" என்றார். முடிந்தது. அந்த நிழலுக்கும் அந்தக் கோப்பிக்கும் பெயர் 'மூன்றாம் நிலையம்'. அறிக்கையில் 'ஆற்றின் தன்மையைச் சரியாகப் பிரதிபலிக்கும் இடம்' என்று எழுதினோம். குளத்துத் தண்ணீர் ஆற்றில் விழுகிற இடத்திலிருந்து அது இருபது அடிகூட இருக்காது.

அவர் அடுக்களையில் ஒரு காலண்டர் தொங்கும். சீனன் இரும்புக்கடை வருஷாவருஷம் கொடுக்கிறது, குதிரைப் பந்தய நாளுக்கெல்லாம் குதிரைத் தலை போட்டிருக்கும். அதில் மழை பெய்த நாளிலெல்லாம் அக்கா பென்சிலால் ஒரு வார்த்தை எழுதுவார். 'டீ'. 'மைலோ'. 'கோப்பி ஓ'. மைலோ சாக்லேட் நிறத்துப் பானம், கோப்பி ஓ பால் விடாத கறுப்புக் கோப்பி. முதலில் பார்த்தபோது யாரோ கடனுக்குக் குடித்த கணக்கு என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

"அது ஆத்து கலர் தம்பி," என்றார். "டீ மாரி வந்தா தோட்டத்து எலை தழை, ஒன்னும் ஆவாது. மைலோ வந்தா மேல மண்ண வெட்றான்னு அர்த்தம், ஓடிப் போயி குழாய அடைக்கணும். கோப்பி ஓ வந்துச்சு, மேல எண்ண மினுங்கும், பட்டறை சாக்கடை. அன்னிக்கி மாதாதான் காப்பாத்தணும்."

வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அன்றைக்குச் செத்து மிதந்த மீன். பழைய காலண்டர்களையும் சுருட்டி அலமாரி மேல் வைத்திருந்தார். நாங்கள் ஐந்து பேர், ஒரு வேன், ஓர் ஆய்வகம் வைத்துக்கொண்டு செய்யாத வேலையை அவர் ஒரு பென்சில் துண்டால் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு நாளு மழையில வந்து பாரேன் தம்பி," என்று போகும்போதெல்லாம் சொல்வார். "மேல மண்ணு நிக்கிறதுக்கு ஒரு குட்டை வெட்டி, ஓரத்துல புல்லு விடச் சொல்லு. அத மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா எங் கொளம் பொழச்சிக்கும்." வருகிறேன் அக்கா, வருகிறேன் அக்கா என்பேன். கடைசியில் அவரே ஒரு மழை நாளில் சோயா கிச்சாப் பாட்டிலைக் கழுவி, ஆற்றுத் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் எனக்காக எடுத்து வைத்திருந்தார். பாஸிடம் கொண்டுபோனேன். "யாரு எடுத்தா, எத்தன மணிக்கு, ஃபாரம் எங்க?" என்று கேட்டுவிட்டுக் கையை உதறினார். அலுவலகக் கழிவறைத் தொட்டியில் கொட்டினேன். தொட்டியின் அடியில் ஒரு செம்மண் வட்டம் நின்றது, துடைக்கத் துடைக்கப் போகவில்லை. ஆறு வருஷத்தில் அந்த ஆற்றிலிருந்து மழை நாளில் எடுக்கப்பட்ட ஒரே மாதிரி அதுதான்.

பிறகு ஹோட்டலில் மக்கள் கருத்தறியும் கூட்டம். இந்தக் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். குளிரூட்டி உறைய வைக்கும், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், பத்தரை மணிக்குக் கறிபாப்பு. ஆற்றைப் பற்றிப் பேச வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆற்றைக் கடைசியாகக் காரிலிருந்து பார்த்தவர்கள். ரோஸ்மேரி அக்கா கோவிலுக்குக் கட்டும் புடவையில், ஒரு நெகிழிப் பையில் ஆறு காலண்டரும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்று மைலோ என்றதும் சபை சிரித்தது. பாஸ் பெரிய மனது பண்ணி அவரை முன்னால் அழைத்து, காலண்டரை விரித்துப் பிடிக்கச் சொல்லி, தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலை நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அறிக்கை வந்தது. முன்பக்கங்களில் அந்தப் படம், கீழே 'சமூகத்தின் பங்களிப்பு' என்று. பின்பக்கங்களில் ஒரு வரைபடம். மூன்று நிலையங்களில் மூன்றாவதில் மட்டும் அம்மோனியா ஏறியிருக்கிறது, ஆகவே மாசின் மூலம் கீழ்ப்பகுதியில் உள்ள மீன் குளம். வெயில் நாளில் மேலே இருந்து ஒன்றும் வராது. குளத்து மிச்சம் மட்டும்தான் வரும், அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் நான் பாட்டிலை அலசினேன். செம்பனையையும் குடியிருப்புக் கம்பெனியையும் பட்டறைகளையும் கைகாட்ட யாருக்கும் துணிச்சல் வராது. ஒரு பொம்பளை, ஒரு குளம், உரிமச் சீட்டுக்கூட இல்லை. வசதியாக இருந்தது. குளத்தை மூடச் சொல்லிக் கடிதம் போயிற்று.

உள்கூட்டத்தில் பாஸ் என்னைப் பார்த்து, "ஸ்டேஷன் லொகேஷன் ஓகேதானே?" என்று கேட்டார். மர நிழலைச் சொல்லியிருக்கலாம். கோப்பியைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன். பாஸை நான் எவ்வளவு கேவலமாகப் பேசுகிறேனோ அதில் பாதிக்கு மேல் எனக்கே சேரும், எழுதும்போது தெரிந்துதான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு தரம் போனோம். குளம் வற்றிக் கிடந்தது. அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரோஸ்லி தலையைத் தொங்கப்போட்டு, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "மாப் அக்கா" என்றார். மன்னிப்பு அவர் கேட்டார், வேன் ஓட்டியவர்.

"எங்க வீட்டு மரத்தடியில நின்னுதானே தண்ணி எடுத்தீங்க?" என்று அக்கா என்னைக் கேட்டார். கோபமே இல்லை, கணக்குச் சரிபார்க்கிற குரல். "கொஞ்சம் மேல தள்ளி நின்னு எடுத்திருந்தா?"

"ரூல்ஸ் அப்படிக்கா," என்றேன். எந்த ரூல்ஸ்? நிழல்தான் ரூல்ஸ்.

குளம் மூடியபின் வெயில் நாள் அளவு இறங்கிவிட்டது. ஆறு குணமாகிவிட்டது என்று அறிவித்து, கேக் வெட்டி, கண்காணிப்பை நிறுத்தினார்கள். நான் வேலையை விட்டு ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் போனேன். அங்கிருந்துதான் இந்த மண்ணுருண்டைக்கும் அனுப்பினார்கள், ஆற்றைப் பற்றித் தெரிந்தவனாம். அக்கா இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். போன வருஷம் பார்க்கப் போனேன். அடுக்களையில் காலண்டர் இருந்தது, குதிரைத் தலைகூட இருந்தது. பென்சில் எழுத்து ஒன்றுமில்லை. "இங்க மழ பேஞ்சா எனக்கென்ன தம்பி, துணி நனையும், அவ்ளோதான்" என்றார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். டத்தோ வந்தார், பேசினார். எண்ண ஆரம்பித்தார்கள். 'இரண்டு' என்னும்போது மழை கொட்டியது. அலமாக் என்று ஒரு குரல், அவ்வளவுதான், பச்சைச் சட்டைகளெல்லாம் கூடாரத்துக்கும் காருக்கும் ஓடின. நிகழ்ச்சி ஒத்திவைப்பு, வேறென்ன! நான் ஓடவில்லை. வீரமெல்லாம் இல்லை, ஓடினால் எந்த மரத்தடியில் நிற்பேனோ அந்த மரம் இல்லை. வெட்டி, கல் பதித்துவிட்டார்கள். வீடு இல்லை. குளம் இருந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம்.

கால் மணி நேரத்தில் ஆறு நிறம் மாறியது. ஆறு வருஷம் அந்த ஆற்றை அளந்தவன், மழையில் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். முதலில் டீ. பிறகு மைலோ, கெட்டி மைலோ, பாலே விடாதது. கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் எண்ணெய் மினுங்க ஆரம்பித்தது. கையிலிருந்த உருண்டை கரைந்து, உறைக்குள் வழிந்து, புளித்த தவிட்டு வாசனையோடு காலில் சொட்டியது. கோப்பி ஓ என்று எழுதி, பக்கத்தில் எண் போட வேண்டும். என்ன எண் போடுவது? சாவதற்கு அங்கே ஒரு மீன்கூட இல்லை, அதனால் சனிக்கிழமை ஆறு சுத்தமாகத்தான் இருந்தது.