பொத்தான் இல்லாத கேமராவும் ஆயுத பூசையும்

கேமராவின் கடவுச்சொல்லை அழிக்க அதன் அடியில் சிறு துளை இருக்கும், அதில் ஊசியை நுழைத்து அழுத்துங்கள் என்றது இணையத்தில் கிடைத்த ஓர் அறிவுரை. மூடியைக் கழற்றினால் உள்ளே பொத்தான் இருக்கும் என்றது இன்னொன்று. எங்கள் கேமராவில் துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் பார்க்காத கருவியைப் பற்றியும் உறுதியாகப் பேசிவிட்டார்கள். அவர்களை நம்பி ஒரு காலைப்பொழுது முழுவதும் ஏணியில் நின்றவன் நான். அதனால் இங்கே நான் கண்ணால் கண்டதையும் கையால் செய்து பார்த்ததையும் மட்டுமே சொல்கிறேன். வேறு கருவிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

என் அக்கா திண்டிவனத்தில் தம் சொந்த வீட்டில் தனியே வசிக்கிறார். என் பணியும் குடும்பமும் விழுப்புரத்தில். சென்ற ஆண்டு அவர் சமையலறையில் வழுக்கி விழுந்து, பால் ஊற்ற வந்த பெண் கதவைத் தட்டும்வரை எழ முடியாமல் கிடந்தார். அதன்பின் எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கூடத்தையும் சமையலறை வாசலையும் நான் என் கைப்பேசியில் பார்க்க முடிகிற வரையில் அவர் அங்கே இருக்கலாம். முடியாமற்போனால் என்னோடு விழுப்புரத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்காகப் பொருத்தியதுதான் அந்தக் கேமரா.

பூசை விடுமுறைக்குச் சில நாள் முன்பு அக்கா இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினார். புதிய ரௌட்டர் வந்தது. கேமரா என் கைப்பேசியிலிருந்து மறைந்தது. விடுமுறைக்குத் திண்டிவனம் போனதும் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். புதிய ரௌட்டருக்கு ஏற்றபடி அதன் இணைய முகவரியை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மாற்றுவதற்குக் கடவுச்சொல் கேட்டது. பொருத்திக் கொடுத்த இளைஞர் வைத்த கடவுச்சொல் அது. அவருடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அக்காவின் பிறந்த நாள், வீட்டு எண், ஊர்ப்பெயர் என நான் ஊகித்துத் தட்டத் தட்ட, கேமரா சற்று நேரத்துக்குத் தன்னைப் பூட்டிக்கொண்டது.

கேமரா வாங்கிய விழுப்புரக் கடைக்குப் பேசினேன்.

"அந்த மாடல்ல பட்டனே கெடையாது சார். லேப்டாப்புல எங்க சாஃப்ட்வேர போட்டீங்கன்னா கேமராவக் காட்டும். பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு குடுங்க, ஒரு ஃபைல் வரும். அத எனக்கு அனுப்புங்க. நான் கம்பெனிக்கு அனுப்பி வேற ஃபைல் வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் கேமராவுக்குக் கரண்ட் மட்டும் நிக்கவே கூடாது சார். நின்னா அந்த ஃபைல் செல்லாது."

சொன்னபடியே மடிக்கணினியை ரௌட்டரில் இணைத்துக் கோப்பை அனுப்பினேன். மின்சாரம் போனாலும் கேமரா அணையாதபடி இன்வெர்ட்டரில் சேர்த்தேன். அக்காவிடமும் சொன்னேன்.

"இந்த சுவிட்ச மட்டும் தொடாதக்கா."

"நான் ஏண்டா தொடப்போறேன்? அது வேல செய்யலன்னா என்னை மூட்ட கட்டிக்கினு போயிடுவ. உன் வூட்டு மாடில குந்திக்கினு ரயில எண்ணச் சொல்றியா?"

மறுநாள் ஆயுத பூசை. நான் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது கைப்பேசியில் கடைக்காரரின் மறுமொழிக் கோப்பு வந்திருந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் இயந்திரம், மிக்ஸி எல்லாம் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் அணிந்து சாமி படத்தின்முன் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே, நெற்றி நிறையப் பொட்டோடு, கேமரா.

"என்னக்கா இது! தொடாதன்னு சொன்னேனே?"

"சுவிட்சத் தொடவே இல்லியே. ஒயரத்தான் புடுங்கினேன்."

"கரண்டு நிக்கக் கூடாதுன்னு கடக்காரர் தலதலயா அடிச்சிக்கினாரே!"

"இன்னாடா பேசற? மிக்ஸிக்கு வெச்சிட்டு இதுக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? வருசம் பூரா கண்ண மூடாம என்னையே பாத்துக்கினு கெடந்திருக்குது. ஒரு நாளு தூங்கட்டுமே."

எனக்குக் கோபம் நிலைக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. இருப்பினும் உடனே எடுத்து மாட்டப்போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டுமாம். பொரியும் கடலையும் என் கையில் திணித்தார்.

விஜயதசமி காலையில் பொட்டைத் துடைத்துக் கேமராவை மாட்டினேன். வந்திருந்த கோப்பை உள்ளிட்டுப் பார்த்தேன். எச்சரித்தபடியே அது செல்லவில்லை. புதிதாக ஒரு கோப்பை எடுத்து அனுப்பிவிட்டு, நடந்ததைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

"வுடுங்க சார், நானும் இங்க ஸ்குரூ டிரைவருக்குக் குங்குமம் வெச்சிட்டுத்தான் ஒக்காந்துக்கினு இருக்கேன். கடையத் தொறந்ததும் மொத வேல உங்களுதுதான்."

அன்று மாலை நான் விழுப்புரம் திரும்பியாக வேண்டும். அதற்குள் கோப்பு வராவிட்டால் அக்காவும் உடன் வர வேண்டும் என்று மென்மையாகவே சொன்னேன். அவர் எழுந்து அறைக்குள் போனார்.

வெயில் தாழ்ந்தபோது கோப்பு வந்தது. அதை உள்ளிட்டதும், புதிய கடவுச்சொல்லைத் தருமாறு திரை கேட்டது. தந்தேன். முகவரியை மாற்றினேன். மடிக்கணினியில் கூடம் தெரிந்ததை அக்காவும் எட்டிப் பார்த்தார். வீட்டு இணைப்பைச் சாராமலும் தெரிகிறதா என்று சோதிக்க, தெருமுனைவரை நடந்துபோய்க் கைப்பேசியைத் திறந்தேன்.

கூடம் தெளிவாகத் தெரிந்தது. அக்கா அறையிலிருந்து ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிமேல் வைத்து நீவினார். மாத்திரை டப்பாவை எடுத்தார். பல் துலக்கும் தூரிகையை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் மெல்ல நடந்து திரைக்கு அப்பால் போனார். நான் அதற்குமேல் பார்க்கவில்லை, கைப்பேசியை மூடிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்து, "தெரியுதுக்கா" என்றேன்.

"அப்ப சரி. பஸ்ஸுக்கு நேரமாவுது, ஜல்தியா கெளம்பு" என்றார்.

பழைய கடவுச்சொல் என்னவாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அந்தப் பையை எப்போது கட்டினார் என்பதும், அச்சத்தால் கட்டினாரா விருப்பத்தால் கட்டினாரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.