முழங்காலுக்குள் ஒரு சும்மாடு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, முழங்கால் போட முடியாத ஒருத்தியின் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். ரப்பர் விலை விழுந்து, ஆட்கள் கையில் வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கொடுத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேலை செய்ய முடியாதவர்கள்தான் முதலில் போனார்கள். அந்த வைகாசி மழையில் நிறைந்த பால்வாளியைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்கினேன். சேற்றில் பாதம் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முழங்காலுக்குள் ஏதோ கிழிந்தது. பாலும் போயிற்று, காலும் போயிற்று.

சுளுக்கு என்றார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சுளுக்குக்கு ஒரே வைத்தியம்தான். தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் விட்டுவிடும் என்பார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பேச்சியக்கா அப்படிப் பிறந்தவள். எத்தனையோ பேரின் இடுப்புப் பிடிப்பை மிதித்தே எடுத்திருக்கிறாள்.

"பல்லக் கடிச்சுக்க ஞானம், ஒரே மிதிதான்" என்றாள்.

ஒரே மிதிதான். நான் போட்ட கூச்சல் கங்காணி வீடு வரை கேட்டதாம். அதுவரை கொஞ்சமாவது அசைந்த முழங்கால், மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. பாவம், என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

கங்காணி வந்து என் கணவரிடம் சொன்னார்: "தேவசகாயம், ஒன் பொம்பள எந்திரிக்காட்டி தொர பத்துச்சீட்டு குடுத்துருவாரு. நான் என்னா செய்ய?"

நான் பிறந்ததே இந்த மலையில். கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரைத் தெரியும்?

முழங்கால் போடாத ஜெபம் மேலே ஏறாது என்று நம்பினவள் நான். ஊன்றிப் பார்த்தேன், விழுந்தேன். "ஆண்டவரே, உம்மைக் கூப்பிடுகிற காலையே பூட்டிவிட்டீரே" என்று பாயில் கிடந்தபடி சண்டை போட்டேன். மல்லாந்து கிடந்து தகரத்தில் மழை விழுவதைக் கேட்பதைத் தவிர என்னால் எதுவும் ஆகவில்லை.

தோட்டத்து மருந்து ஐயா பார்த்துவிட்டு, இது சுளுக்கு இல்லை என்று கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். கடைவீதிச் சிங்களம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு ஜவ்வு இருக்கிறதாம். அது கிழிந்து மடிந்து இடையில் சிக்கியிருக்கிறது. எடுத்தால் கால் நீளும். முழுவதும் எடுக்க நேர்ந்தால் எலும்பு மேல் எலும்பு உட்காரும், பாரமெல்லாம் ஒரே இடத்தில் இறங்கும், வருஷம் போகப் போக மூட்டு தேயும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

வாளிக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் துணிச் சும்மாடு எனக்கு நினைவுக்கு வந்தது. முனை கிழிந்து கண்ணில் தொங்குகிறதே என்று சும்மாட்டையே எறிந்துவிட்டால், வாளி உச்சந்தலையைக் குத்தும். முனையை மட்டும் கிழித்துப் போட்டால் மிச்சம் தாங்கும்.

மயக்க மருந்து மூக்கில் ஏறும்போது மல்லாந்து கிடந்தே கெஞ்சினேன். "அப்பா, கொஞ்சம் மிச்சம் வையும்."

கண் விழித்தபோது கால் நீண்டிருந்தது. கிழிந்த உள்துண்டை மட்டும் எடுத்ததாகவும், ஓரம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். ஸ்தோத்திரம் என்று கதறினேன். அடுத்த பேச்சில் பயம் திரும்பி வந்தது. இனிமேல் தலைச்சுமையோடு சரிவில் இறங்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்றார். வாளி தூக்காதவளுக்கு ரப்பர் தோட்டத்தில் என்ன வேலை?

ஊன்றுகோலோடு வந்து இறங்கினேன். பேச்சியக்கா வழியிலேயே நின்றாள். ஆற்றோரம் சமதரையில் இருந்த தன் மரங்களை எனக்கு விட்டுக்கொடுத்து, என் சரிவைத் தான் எடுத்துக்கொள்வதாகக் கங்காணியிடம் பேசி முடித்திருந்தாள்.

"பால நானே வந்து தூக்கிக்கிறேன். நான் மிதிச்ச காலு புள்ள, அதுக்கு நாந்தான் தலை குடுக்கணும்" என்றாள்.

அவள் ஆலயத்துக்கு வருகிறவள் இல்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் நான் மல்லாந்து கிடந்து கேட்டதற்கான பதில், தலையில் இரண்டாவது வாளிக்கு இடம் வைத்துக்கொண்டு அங்கே நின்றது.

இன்றைக்கும் எல்லோரும் முழங்காற்படியிடும்போது நான் காலை நீட்டி உட்கார்ந்துதான் ஜெபிக்கிறேன். உங்களில் யாராவது எழும்ப முடியாமல் கிடந்தால், எழும்பும் வரை காத்திருக்காதீர்கள். கிடந்தபடியே கூப்பிடுங்கள். என் ஜெபத்தை அவர் அப்படித்தான் கேட்டார்.